திரையில் வந்த சுல்தானும் தில்லியை ஆண்ட சுல்தானும்

2018 ஜனவரியில் வெளிவந்த ‘பத்மாவத்’ இந்திப் படத்தை மலேசியத் தணிக்கை வாரியம் திரையிட அனுமதிக்கவில்லை. விநியோகஸ்தர்கள் செய்த மேல்முறையீடும் பலிக்கவில்லை. முஸ்லிம் மன்னர் ஒருவரைக் கொடியவராகக் காட்டி மார்க்கத்தின் பெயருக்கு மாசு உண்டாக்குகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அதே படத்தை எதிர்த்து இந்தியாவில் ராஜபுத்திர அமைப்புகள் ஓராண்டுக்கு முன்பிருந்தே கொந்தளித்துக்கொண்டிருந்தன. ஜெய்ப்பூரில் படப்பிடிப்புத் தளத்தை அடித்து நொறுக்கினார்கள். தங்கள் ராணியை இழிவுபடுத்துகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ‘பத்மாவதி’ என்றிருந்த பெயரையே மாற்றிய பிறகுதான் படம் வெளியே வந்தது. இப்படி ஒரே படத்தை இரு தரப்பும் நேர் எதிரான காரணங்களுக்காகத் தடுக்கப் பார்த்தன. அந்தச் சுல்தான் உண்மையில் யார் என்ற கேள்வியை இரண்டு தரப்பிலும் அதிகம் பேர் கேட்டதாகத் தெரியவில்லை.

திரையரங்கில் வராவிட்டால் என்ன, கைப்பேசியில் வந்துவிட்டது. இன்று நம் பிள்ளைகளிடம் அலாவுத்தீன் கில்ஜி என்று சொன்னால் அவர்கள் கண்முன் வருவது ரன்வீர் சிங்தான். விரிந்த தலைமுடி, மை தீட்டிய கண்கள், எலும்பைப் பிடித்து இறைச்சியைக் கிழித்துத் தின்னும் வாய், வெறி கொண்ட ஆட்டம். மூத்தவர்களுக்கு 1963ல் சிவாஜி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்த ‘சித்தூர் ராணி பத்மினி’ நினைவிருக்கலாம். கதை அப்போதும் இதேதான். அழகிய ராணி மீது ஆசைப்பட்டுக் கோட்டையை முற்றுகையிட்ட சுல்தான், தீக்குளித்து மானம் காத்த ராணி.

நாம் இந்தச் சுல்தானுக்கு வக்கீலாக நிற்க வேண்டியதில்லை. அவர் கையில் படிந்த இரத்தம் கொஞ்சமல்ல. ஆனால் அது எப்படிப்பட்ட இரத்தம், யாருடையது என்பதில்தான் படம் வரலாற்றை விட்டு விலகுகிறது. அவர் வாழ்க்கையை முதலிலிருந்து பார்ப்போம்.

இளமையில் அவர் பெயர் அலீ குர்ஷாஸ்ப். 1290ல் தில்லி அரியணை ஏறிய ஜலாலுத்தீன் கில்ஜியின் அண்ணன் மகன் அவர், மருமகனும்கூட. படம் கில்ஜிகளை ஆப்கான் மலைகளிலிருந்து நேரே வந்து இறங்கியவர்களாகக் காட்டுகிறது. ஜலாலுத்தீனோ அதற்கு முன்பே தில்லி சுல்தான்களிடம் நெடுங்காலம் படைத்தலைவராக வேலை பார்த்து முதுமை அடைந்தவர். எதிரிகளிடமும் இரக்கம் காட்டிய கிழவர் என்று அக்கால ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

திரையில் அலாவுத்தீனின் மனைவி வாய் திறவாமல் கண்ணீர் விடும் பெண். பழைய நூல்களில் கதை தலைகீழ். சுல்தானின் மகள் என்ற செருக்கோடு அவர் கணவரை மதிக்கவே இல்லை. மாமியார் அவருக்கு மேலே ஒரு படி. மருமகனின் ஒவ்வொரு அசைவையும் சந்தேகித்து, கணவரின் காதில் ஓதிக்கொண்டே இருந்தவர். அலாவுத்தீன் தில்லியை விட்டு விலகி, கங்கைக் கரையில் காரா என்ற ஊரில் ஆளுநராக இருந்துகொண்டு தனிப் பணமும் தனிப் படையும் தேடியதற்கு இந்த வீட்டுச் சண்டையும் ஒரு காரணம் என்று ஸியாவுத்தீன் பரனி எழுதுகிறார். வரலாற்றில் மாமியாரின் பங்கு பலரும் நினைப்பதைவிடப் பெரியது.

1296ல் அவர் மாமனாரிடம் சொல்லாமலேயே விந்திய மலையைத் தாண்டித் தேவகிரி யாதவ அரசர் ராமச்சந்திரரை முறியடித்தார். மலை மலையாய்ச் செல்வம் வாரிக்கொண்டு காராவுக்குத் திரும்பினார். அதை மாமனாரிடம் ஒப்படைப்பதாகவும், தண்டனைக்குப் பயந்து தில்லி வரத் தயங்குவதாகவும் செய்தி அனுப்பினார். கிழவர் நம்பினார். அமைச்சர்கள் தடுத்தும் கேட்காமல், அதிகப் படையில்லாமல் படகேறிப் போனார். அது ரமலான் மாதம், நோன்பு வைத்திருந்தார். படகில் குர்ஆன் ஓதிக்கொண்டே போனார் என்கிறார் பரனி. கரையில் இறங்கி, காலில் விழுந்த மருமகனைத் தூக்கிக் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சிய நேரத்தில் சைகை காட்டப்பட்டது. வெட்டுப்பட்ட தலையை ஈட்டியில் குத்தி ஊர் ஊராகக் காட்டினார்கள். பிறகு தில்லிக்குப் போகும் வழியெல்லாம் கவண்பொறியில் பொற்காசுகளை வைத்து மக்கள் மேல் எறிந்துகொண்டே போனார் புதிய சுல்தான். காசு பொறுக்கியவர்கள் கொலையை மறந்தார்கள். மாமனாரின் ஆண்மக்களின் கண்கள் பிடுங்கப்பட்டன.

நோன்பாளியான ஒரு முதியவரை நம்பவைத்துக் கொன்ற மனிதர் இவர். இவரை நம் மார்க்கத்தின் மாவீரர் என்று மேடையில் முழங்குவோர் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன்.

இனிச் சித்தூருக்கு வருவோம். படம் நிற்பதே அந்த ஓர் ஊரில்தான்.

1303 ஜனவரி இறுதியில் தில்லியிலிருந்து படை புறப்பட்டது. ஆகஸ்ட் 26ல் கோட்டை விழுந்தது. சுல்தானுடனேயே சென்று அதை நேரில் கண்ட கவிஞர் ஒருவர் இருந்தார். நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களின் அன்பு மாணவர் அமீர் குஸ்ரூ அவர். அலாவுத்தீனின் வெற்றிகளை உரைநடையில் எழுதிய ‘கஸாயினுல் ஃபுதூஹ்’ நூலில் சித்தூர் முற்றுகையைச் சொல்கிறார். அரசர் கோட்டையை விட்டு வந்து சரணடைந்தார், அவருக்கு உயிர் கொடுக்கப்பட்டது என்கிறார். சுல்தானின் ஆணையால் 30,000 இந்துக்கள் ஒரே நாளில் வெட்டப்பட்டார்கள் என்றும் எழுதுகிறார். மறைக்கவில்லை, வருந்தவும் இல்லை. பெருமையாகவே சொல்கிறார். பத்மினி என்ற பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை.

அடுத்த தலைமுறையில் எழுதிய பரனியும் சித்தூரைச் சில வரிகளில் முடித்துக்கொள்கிறார். இஸாமியின் நூலிலும் ராணி இல்லை. இவர்களில் பரனி, அலாவுத்தீனைக் குறை சொல்லக் கிடைத்த இடத்தை விட்டவரல்ல. அடுத்தவர் மனைவிக்காக ஒரு கோட்டையை முற்றுகையிட்டார் என்று ஒரு வதந்தி காதில் விழுந்திருந்தாலும் சும்மா விட்டிருக்க மாட்டார்.

ஒரே ஓர் இடத்தில் சில ஆய்வாளர்கள் ஒரு குறிப்பைக் கண்டார்கள். கோட்டைக்குள் நுழையும் சுல்தானைச் சுலைமான் நபி (அலை) அவர்களுக்கும், தன்னை ஹுத்ஹுத் பறவைக்கும் குஸ்ரூ ஒப்பிடுகிறார். சூரா அந்நம்ல் ஓதியவர்களுக்கு அந்தப் பறவையைத் தெரியும். ஸபா நாட்டு அரசியைப் பற்றிச் சேதி கொண்டுவந்த பறவை. அப்படியானால் சித்தூரிலும் ஓர் அரசி இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். மற்றவர்கள் ஏற்கவில்லை. அரசரைச் சுலைமான் என்று புகழ்வது பாரசீகக் கவிஞர்களின் வழக்கம்தான். ஒரு பறவையை வைத்துக்கொண்டு ஒரு ராணியை உண்டாக்குவது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் பத்மினி எங்கிருந்து வந்தார்? 1540ல், அதாவது சித்தூர் விழுந்து 237 ஆண்டுகளுக்குப் பிறகு, அவத் நாட்டைச் சேர்ந்த மலிக் முஹம்மது ஜாயஸி என்ற சூஃபிக் கவிஞர் அவதி மொழியில் பாடிய ‘பத்மாவத்’ காவியத்திலிருந்து வந்தார். ஆம், பத்மினியை உலகுக்குத் தந்தவர் ஒரு முஸ்லிம். அவர் கதையில் பத்மாவதி சிங்களத் தீவின் இளவரசி. பேசும் கிளி ஒன்று அவள் அழகைச் சொல்ல, சித்தூர் அரசன் யோகியாகிக் கடல் கடந்து போய் மணக்கிறான். ஆன்மா இறையழகைத் தேடிப் போகும் பாதையைக் காதல் கதையாகச் சொல்லும் மரபு அது. அந்தக் காவியத்திலும் சித்தூர் அரசன் அலாவுத்தீன் கையால் சாகவில்லை. இன்னொரு ராஜபுத்திர அரசனோடு நடந்த சண்டையில் சாகிறான். படத்தில் நேருக்கு நேர் வாட்போர் நடக்கும்போது சுல்தானின் ஆட்கள் முதுகில் அம்பெய்து அவனைக் கொல்கிறார்கள். இது குஸ்ரூவிலும் இல்லை, படத்துக்குப் பெயர் தந்த ஜாயஸியிலும் இல்லை.

ரத்தன்சிங் உண்மையான அரசர்தான், அவர் காலத்துக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோட்டை விழுந்ததும் உண்மை. 30,000 என்ற எண்ணிக்கை கூடுதலோ குறைவோ, படுகொலை நடந்ததும் உண்மை. படத்தில் இந்தச் சாதாரண மக்களுக்கு இடமில்லை. ராணியின் மானம் ஒன்றே கதையானதால், பெயரில்லாமல் வெட்டுப்பட்டவர்கள் பின்னணியாகப் போனார்கள். ஒரு மனிதர் செய்த கொடுமையைத் தள்ளிவைத்துவிட்டு, செய்ததற்குச் சான்றில்லாத ஒன்றுக்காக அவரைத் தூக்கிலிடுவது நியாயமாகாது. செத்தவர்களுக்கும் அது நியாயமாகாது.

சித்தூர் போனதற்கு அரசியல் காரணமே போதுமானது. குஜராத்தை 1299ல் பிடித்தாயிற்று, ரந்தம்போர் கோட்டை 1301ல் விழுந்தது. தில்லிக்கும் குஜராத் துறைமுகங்களுக்கும் தெற்கே போகும் பாதைக்கும் பக்கத்தில் வலுவான சித்தூரை விட்டுவைக்க எந்தப் பேராசைக்கார அரசரும் நினைக்க மாட்டார். இப்படிச் சொன்னால் சினிமா ஓடாது, அது வேறு விஷயம்.

சித்தூரிலிருந்து களைத்துத் திரும்பிய படை மூச்சு விடுவதற்குள் தர்கி என்ற தளபதியின் கீழ் மங்கோலியர் தில்லியைச் சூழ்ந்துகொண்டார்கள். சுல்தான் சீரி என்ற இடத்தில் அகழி வெட்டி உள்ளே இருந்து தற்காத்தார். தில்லிக்குள் தானியமும் விறகும் வரவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து மங்கோலியர் தாமாகவே திரும்பிப் போனார்கள். அதற்கு நான்காண்டு முன்னரும் கீலி என்ற இடத்தில் பெரும் போர் நடந்து, அவருடைய சிறந்த தளபதி ஸஃபர் கான் மாண்டிருந்தார். அந்த மங்கோலியர்தான் 1258ல் பக்தாதை அழித்து கலீஃபாவைக் கொன்றவர்களின் இனத்தார். 1305லும் 1306லும் வந்தபோது அலாவுத்தீனின் படைகள் அவர்களைத் திரும்பத் திரும்ப முறியடித்தன. பக்தாதுக்கு நேர்ந்தது தில்லிக்கு நேராமல் போனதில் இந்தச் சுல்தானின் பங்கு பெரியது. அதற்காக அவர் கையாண்ட முறையும் எளிதாகச் சொல்லக்கூடியதல்ல. இஸ்லாத்தை ஏற்றுத் தில்லியில் குடியேறியிருந்த மங்கோலியர்கள் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகச் சந்தேகம் வந்தபோது, அவர்களைக் கண்ட இடத்தில் கொல்ல ஆணையிட்டார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் முஸ்லிம் சுல்தானின் ஆணையால் மடிந்தார்கள்.

சீரி முற்றுகை அவருக்கு ஒரு கணக்கைக் கற்றுத் தந்தது. பெரிய படை வேண்டும். கருவூலமோ அளவுக்கு உட்பட்டது. குதிரையோடு வரும் வீரருக்கு ஆண்டுக்கு 234 தங்கா சம்பளம், இரண்டாவது குதிரை வைத்திருந்தால் மேலும் 78 தங்கா என்று வைத்தார். இந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் வாழ வேண்டுமானால் பொருள்களின் விலை இறங்க வேண்டும். அங்கே தொடங்கியதுதான் அவருடைய சந்தைச் சட்டம்.

பெருநாள் காலத்தில் கோழிக்கும் முட்டைக்கும் அரசாங்கம் உச்சவிலை வைப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். நம்மில் பாதிப் பேர் வியாபாரக் குடும்பங்கள், ஆகவே அதில் உள்ள சங்கடமும் தெரியும். அலாவுத்தீன் கோதுமை, பார்லி, அரிசி, பருப்பு, சர்க்கரை, நெய், துணி, குதிரை, அடிமைகள், தொப்பி, காலணி, ஊசி வரை விலை குறித்தார். கோதுமை ஒரு மணங்கு ஏழரை ஜீத்தல், பார்லி 4, அரிசி 5. தானியச் சந்தைக்கு மலிக் கபூல் என்ற அதிகாரி பொறுப்பு. தில்லியைச் சுற்றியிருந்த விளைநிலங்களின் வரியைப் பணமாக அல்லாமல் தானியமாகவே வாங்கி அரசுக் களஞ்சியத்தில் குவித்தார். மழை பொய்த்த ஆண்டில் அந்தக் களஞ்சியம் திறக்கப்பட்டது. பஞ்ச காலத்திலும் தில்லியில் விலை ஏறவில்லை என்று வியந்து எழுதுகிறார் பரனி. பதுக்கினால் பறிமுதல். சந்தை நிலவரம் சுல்தானுக்கு மூன்று வெவ்வேறு வழிகளில் தினமும் வரும். ஒருவர் அறிக்கைக்கும் மற்றவர் அறிக்கைக்கும் வேறுபாடு இருந்தால் அதிகாரிக்கே அடி.

அது போதாதென்று சிறுவர்களிடம் காசு கொடுத்து ரொட்டியும் பழமும் வாங்கி வரச் சொல்லி, திரும்பி வந்ததும் எடை போட்டுப் பார்ப்பார்கள். எடை குறைந்தால், குறைந்த அளவுக்குக் கடைக்காரரின் உடம்பிலிருந்து சதை வெட்டப்பட்டது. இதையும் பரனிதான் எழுதியிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டின் சுமை உழவர் முதுகில் ஏறியது. விளைச்சலில் பாதி வரி. கிராமத் தலைவர்கள் குதிரை ஏறவும் நல்ல துணி உடுத்தவும் முடியாத நிலைக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போனார்கள். அமீர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மானிய நிலங்கள் பறிக்கப்பட்டன. அனுமதியில்லாமல் விருந்து வைக்கக் கூடாது, குடும்பங்களுக்குள் சம்பந்தம் செய்யக் கூடாது. ஒற்றர்களுக்குப் பயந்து பெரிய மனிதர்கள் அரண்மனையில் வாய் திறக்காமல் சைகையில் பேசிக்கொண்டார்கள். மதுவை ஒழித்தார், தம்மிலிருந்தே தொடங்கினார். அரண்மனை மதுக்குடங்களைப் பதாயூன் வாசலில் கொண்டுபோய்க் கொட்டியதில், மழைக்காலம் போல் அங்கே சேறானதாம்.

படத்தில் காணும் குடிவெறியாட்டக்காரருக்கும் இந்த மனிதருக்கும் என்ன தொடர்பு? இவர் கொடுமை வேறு வகை. அது தராசும் கணக்குப் புத்தகமும் ஒற்றர் அறிக்கையும் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்த கொடுமை. இந்து, முஸ்லிம், அமீர், கடைக்காரர், உழவர் எல்லோர் மேலும் விழுந்தது. இறைச்சியைக் கிழித்துத் தின்னும் காட்சியை வைத்ததும், அந்தக் கொடுமை ஓர் அரசனின் குணமாக இல்லாமல் ஒரு கூட்டத்தாரின் பிறவிக் குணமாக மாறிவிடுகிறது. தில்லி அரசவை பாரசீகப் பண்பாட்டில் ஊறியது. தஸ்தர்கான் விரித்து ஒழுங்காக உட்கார்ந்து உண்ட சபை அது. இருட்டு மாளிகை, கறுப்பு உடை, மிருகத்தனமான உணவு இதெல்லாம் இன்றைய பார்வையாளருக்குச் சொல்லப்படும் சேதி. 700 ஆண்டுக்கு முந்தைய மனிதரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

மார்க்கத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பை ஒரு நிகழ்ச்சி காட்டும். காஜி முகீஸுத்தீனை அழைத்துச் சில கேள்விகள் கேட்டார். தேவகிரியில் கொண்டுவந்த செல்வம் தமக்குச் சொந்தமா, பைத்துல்மாலுக்குச் சொந்தமா என்பது அவற்றில் ஒன்று. காஜிக்கு உயிர் நடுங்கியது. இருந்தும், படையின் பலத்தால் கிடைத்தது பொதுக் கருவூலத்துக்கே உரியது என்று சொல்லிவிட்டார். சுல்தானின் தண்டனைகள் ஷரீஅத்துக்கு ஒவ்வாதவை என்பதையும் சொன்னார். சுல்தான் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். காஜி வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு, சாவுக்குத் தயாராகி மறுநாள் அவைக்கு வந்தார். நடந்தது வேறு. சுல்தான் அவருக்குப் பொன்னாடையும் 1,000 தங்காவும் கொடுத்தார். பிறகு மனம் திறந்து பேசினார். தாம் படிக்காதவர் என்றும், நாட்டுக்கு எது நல்லது என்று தோன்றுகிறதோ அதையே ஆணையிடுவதாகவும், அது ஆகுமானதா ஆகாததா என்று தமக்குத் தெரியாது என்றும், மறுமையில் என்ன நேரும் என்பதையும் அறியேன் என்றும் ஒத்துக்கொண்டார். இஸ்லாத்தின் பெயரால் ஆண்டவர் என்று அவரை ஏசுகிறவர்களும் போற்றுகிறவர்களும் படிக்க வேண்டிய பக்கம் அது.

தில்லியின் எல்லையிலேயே இருந்த நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களை இந்தச் சுல்தான் ஒருமுறைகூடப் போய்ச் சந்தித்ததில்லை என்பதைப் பரனி ஆற்றாமையோடு எழுதுகிறார்.

இந்த மனிதரின் கை தமிழ்நாடு வரை நீண்டது. குஜராத் படையெடுப்பில் கம்பாயத்துத் துறைமுகத்தில் பிடிபட்ட அடிமை மாலிக் கபூர், சுல்தானின் நம்பிக்கைக்குரிய தளபதியாக உயர்ந்து, வாரங்கலையும் துவாரசமுத்திரத்தையும் பணியவைத்துவிட்டு 1311ல் பாண்டிய நாட்டுக்குள் நுழைந்தார். அப்போது சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். பொற்கோயில் ஒன்றை இடித்ததையும் மதுரைக் கோயிலுக்குத் தீ வைத்ததையும் குஸ்ரூ பெருமையோடு பதிவு செய்கிறார். 500க்கு மேற்பட்ட யானைகளோடும் குதிரைகளோடும் அளவில்லாத மணிகளோடும் கபூர் தில்லி திரும்பினார்.

தமிழ் முஸ்லிம்கள் மாலிக் கபூரோடு வந்தவர்கள் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். படம் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளைக் கில்ஜி என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. கபூர் வரும்போது நம் முன்னோர் எங்கே இருந்தார்கள்? பாண்டியன் அவையில் இருந்தார்கள். கபூர் வருவதற்கு முன்பே காயல் துறைமுகத்துக்குக் கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கின. அந்த வணிகத்தை நடத்திய ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து துறைமுகங்களைக் கவனித்ததைப் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். வீர பாண்டியனைத் தேடிப் போன கபூரின் படை கண்ணனூர்ப் பக்கம் சில முஸ்லிம்களைப் பிடித்தது. அவர்கள் பாண்டியனுடைய ஆட்கள். பாதி இந்துக்களைப் போலிருந்தார்கள், மார்க்கக் கடமைகள் சரியாகத் தெரியாது, ஆனால் கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிர் தப்பினார்கள் என்று குஸ்ரூ ஏளனத்தோடு சொல்கிறார். அந்த ஏளனத்துக்கு ஆளானவர்கள்தான் நம்மவர்கள். தில்லிக் கவிஞரின் பார்வையில் நாம் பாதி ஆட்கள்.

அலாவுத்தீனின் மகன் முபாரக் ஷா காலத்தில் குஸ்ரூ கான் என்ற தளபதி மீண்டும் தெற்கே வந்தார். படை வருகிறது என்றதும் ஊரார் ஓடினார்கள். தகி என்ற பெருஞ்செல்வரான முஸ்லிம் வணிகர் ஓடவில்லை. வருவது முஸ்லிம் படை, நமக்கு என்ன பயம் என்று இருந்துவிட்டார். அவருடைய செல்வம் முழுவதையும் பறித்துக்கொண்டு அவரைக் கொன்றுபோட்டார்கள். இதையும் எழுதியவர் அதே பரனிதான். சுல்தானும் நாமும் ஒரே கூட்டம் என்று திரை காட்டுவதை அன்றே நம்பிய ஒரு தமிழக வணிகருக்கு நேர்ந்த கதி இது. இதைச் சினிமாவாக எடுக்க யாரும் இதுவரை முன்வரவில்லை.

அலாவுத்தீனின் கடைசி ஆண்டுகள் இருண்டவை. நீர்க்கோவை நோயால் உடம்பு வீங்கியது. யாரையும் நம்பவில்லை, கபூரைத் தவிர. மூத்த மகன் கிஸ்ர் கானைக் கபூரின் பேச்சைக் கேட்டுக் குவாலியர் கோட்டைச் சிறைக்கு அனுப்பினார். மனைவியின் சகோதரர் அல்ப் கானைக் கொல்ல அனுமதித்தார். 1316 ஜனவரியில் இறந்தார். உடல் அடக்கமானதும் கபூர் கிஸ்ர் கானின் கண்களைக் குருடாக்கி, ஒரு சிறுவனை அரியணையில் உட்காரவைத்தார். ஏறத்தாழ ஐந்தாவது வாரத்தில் அரண்மனைக் காவலர்கள் கபூரை வெட்டினார்கள். அடுத்து வந்த முபாரக் ஷா சிறைகளைத் திறந்துவிட்டார், மானியங்களைத் திருப்பித் தந்தார், சந்தைச் சட்டங்களைக் கைவிட்டார். கோதுமை விலை ஏறியது. கடைக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். மது மீண்டும் தில்லித் தெருக்களுக்கு வந்தது.

குதுப் மினாருக்குப் போகிறவர்கள் பக்கத்தில் கரடுமுரடான கல் குவியல் போல் நிற்கும் அகன்ற கோபுர அடி ஒன்றைப் பார்க்கலாம். அதன் பெயர் அலாயி மினார். குதுப் மினாரைப் போல் இரண்டு மடங்கு உயரத்துக்குக் கட்டத் திட்டமிட்டு, முதல் அடுக்கு எழுந்த நிலையில் அவர் இறந்துபோனார். பின்வந்த எவரும் அதன்மேல் ஒரு கல் வைக்கவில்லை.